சிற்றிலும் சீதன வீடும்



மருதமுனைக் கடற்கரையிலே, ஈரமணலைப் பாதத்தின்மேற் குவித்துத் தட்டிப் பின் பாதத்தை மெல்ல உருவினால், ஒரு வீடு பிறந்துவிடும். சிப்பியும் சோகியும் கொண்டு சிறுமியர் அதை அழகு செய்வர். இத்தகைய விளையாட்டு வீட்டுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் ‘சிற்றில்’. தெருவிலே சிறுமியர் கட்டிய மணற்சிற்றிலைக் காலாற் சிதைக்கும் குறும்பன் ஒருவனைக் கலித்தொகை காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலோ சிற்றில் சிதைத்தல் ஒரு தனிப் பருவமாகவே அமைந்துவிட்டது.

ஐரோப்பாவிலே சிற்றில் மரத்தால் எழுந்தது. 1631ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நகரத்து அன்னா கோஃபர்லின் என்னும் பெண்மணி ஒரு பொம்மை வீட்டை அமைத்து, மக்கள் காண வைத்தார். குசினியில் எந்தப் பாத்திரம் எங்கே இருத்தல் வேண்டும் என்பதை இளையோர் கண்டு கற்றுக்கொள்ள வேண்டுமென்பதே அவர் கருத்து. அந்நூற்றாண்டின் இறுதியிலே ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் அமைத்த சிறுவீட்டுக்கு, மெய்யான வீடொன்றின் விலையளவு பணம் செலவாயிற்று என்பர். 1924இல் இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக நிறைவுற்ற பொம்மை மாளிகையிலே குழாய்நீரும் மின்விளக்கும் உண்டு. அதன் அளவு, மெய்யான மாளிகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. இன்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் பொம்மை வீட்டுத் தொகுதிகள் பலவும் இந்த அளவையே பின்பற்றுகின்றன. வெட்டி வைத்த பலகைகளைப் பசையால் ஒட்டி, சுவருக்கு நிறம் தீட்டி, சன்னலுக்குத் திரையிட்டால் வீடு எழுந்துவிடும்.

ஆயினும், நமது கீழ்க்கரையிலே இவ்விளையாட்டுக்கு வேறொரு பொருளும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களிலே, தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிப்பர். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெண்மக்கள் பலரைப் பெற்றவர்க்கு இது பெருஞ்சுமையே. ஆனால், பெண்ணுக்கோ அது தன்னுடையதென்று சொல்லத்தக்க ஓர் இடம். இன்று மணலிலே கட்டுபவள் நாளை கல்லாற் கட்டிய வீட்டுக்கு உரியவள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள், கடலே வந்து சிதைத்தது. மருதமுனைக் கரையில் இடிந்த வீடுகளுள் பல, சீதனமாகப் பெற்றவை. பின்னர், கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு எழுப்புதல் கூடாதென்று கீழ்க்கரைக்கு விதி வந்தது. அது பிற்பாடு தளர்த்தப்பட்டது. அரசும் உதவி நிறுவனங்களும் புதுவீடுகள் கொடுத்தபோதோ, கீழ்க்கரையில் ‘குடும்பத் தலைவர்’ என ஆடவர் பெயரிலே உரிமை எழுதப்பட்டதும் உண்டென்று ஆய்வாளர் குறித்துள்ளனர். மகளின் வீடு போயிற்று; மருமகனின் வீடு வந்தது!

ஆதலால், உங்கள் வீட்டுச் சிறுமி பொம்மை வீடு ஒட்டும்போது, அதற்கு ஒரு வளவும் கிணறும் அமைக்கச் சொல்லுங்கள். மருதமுனைக் கைத்தறித் துண்டொன்று அதன் திரையாகட்டும். வாயிலிலே அவள் தன் பெயரை எழுதட்டும்.