தரகு குறைந்தது, பங்கு யாரிடம் இருக்கிறது?

பங்கு வாங்கப் புறப்படும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கணக்கில் தரகு குறைவு என்பதைத்தான். சென்னை செகண்ட் லைன் பீச்சில் ஒரு தரகர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். பங்கு உங்கள் பெயருக்கு எப்போது வரும், யார் கையில் இருக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் மதராஸ் பங்குச் சந்தை 1920-இல் தொடங்கி, 1923-இல் மூடப்பட்டு, 1937-இல் மீண்டும் உயிர்பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கம்வரை அங்கே எல்லாமே காகிதம். பங்கு வாங்கியவருக்குச் சான்றிதழோடு, விற்றவர் கையெழுத்திட்ட டிரான்ஸ்ஃபர் டீடும் வரும். நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா வீதம் ஸ்டாம்பு ஒட்டி, கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். பெயர் மாறி வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அறிவித்த டிவிடெண்டும் போனஸும் பழைய பெயருக்கே போய்விடும்.

கையெழுத்து பொருந்தாவிட்டால் மொத்தமும் திரும்பி வரும். ‘பேட் டெலிவரி’ என்போம். முதியவர்கள் பட்ட பாடு இன்னும் மனதை உறுத்துகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் போட்ட கையெழுத்தை, நடுங்கும் விரல்களால் எப்படித் திரும்பப் போடுவது? வங்கி மேலாளரிடம் சான்றொப்பம் வாங்கிவரச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவோம். போனஸாக வந்த ஏழெட்டுப் பங்குகளை விற்பதும் கஷ்டம். ஐம்பது, நூறு என்ற லாட்டுக்குக் குறைந்தால் ‘ஆட் லாட்’. சந்தை விலைக்குக் கீழேதான் போகும். அந்த இழப்பு எந்தத் தரகுப் பட்டியலிலும் வராது. சிறு முதலீட்டாளர் தலையில்தான் விடியும்.

1992-இல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெளிப்பட்டது; அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியது. 1996-இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரிகளாக அந்த ஆண்டே என்எஸ்டிஎல்லும், 1999-இல் சிடிஎஸ்எல்லும் வந்தன. என்னைக் கேட்டால், சிறு முதலீட்டாளருக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை, காகிதம் இல்லாமல் பங்கு வைத்திருக்கும் இந்த டிமேட் முறைதான். தரகுக் குறைப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரே ஒரு பங்கையும் சந்தை விலைக்கு விற்கலாம் என்றானது. 2023 ஜனவரி முதல், வாங்கிய மறு வேலைநாளே பங்கு கணக்கில் சேர்கிறது.

தரகும் இறங்கியது. இரண்டரை சதவீதம் உச்சவரம்பாக இருந்த தொழிலில், 2010-இல் பெங்களூரில் தொடங்கிய ஜெரோதா ஓர் ஆர்டருக்கு இருபது ரூபாய் என்று கொண்டுவந்தது. 2015 இறுதியில், பங்கை வாங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரிக்குத் தரகே இல்லை என்றது. எங்கள் மதராஸ் சந்தை அந்த ஆண்டுதான், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் அனுமதியோடு விடைபெற்றது.

ஆனால் 2019 நவம்பரில், வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்ததாகச் சொல்லி, ஹைதராபாத்தின் கார்வி தரகு நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க செபி தடை விதித்தது. வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னிதான் அந்த அடமானத்துக்கு வழிவிட்டது.

அதனால் கணக்குகளை ஒப்பிடும்போது தரகோடு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும், ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் டிபி (டெபாசிட்டரி பங்கேற்பாளர்) கட்டணத்தையும் கேளுங்கள். எதில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். நாமினி பெயரை முதல் நாளே எழுதுங்கள். தரகரின் செயலி காட்டுவதோடு நிற்காமல், டெபாசிட்டரி நேரடியாக அனுப்பும் கணக்கு அறிக்கையைத் திறந்து, உங்கள் பங்குகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.