தனிக் கிணறும் தனிப் பானையும்



1995ஆம் ஆண்டு. சேலம் மாவட்டம், ஓமலூர் வட்டாரத்துக் கட்டிநாயக்கன்பட்டிப் பள்ளியில் சாதி இந்துப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் ஒரு தலித் சிறுமி தண்ணீர் குடித்தாள். ஆசிரியர் அடித்த அடியில் அவளுக்கு ஒரு கண் பார்வை போனது. இதை ஒரு தனிமனிதரின் கோபம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பள்ளிக்கூடத்துக்குள் சாதிக்கொரு பானை எப்படி வந்தது என்பதே நம் கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச்சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் திறந்தவை என்ற இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் 1924இலேயே சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் நீர் அள்ளிக் குடித்தார். அந்த உரிமையை பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆயிற்று. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சென்னை மாகாணத்தில் சட்டமானது. பிறகு அரசியலமைப்பின் 15, 17ஆம் பிரிவுகள். 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம்.

ஆனால் ஒரு கையால் தீர்மானம் எழுதிய அரசு, மறு கையால் வேறொன்று செய்தது. 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை சேரிகளுக்குத் தனிக் கிணறுகள் வெட்டியது. தாகத்துக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஊர்க் கிணற்றின் பூட்டை மட்டும் அது திறக்கவே இல்லை. சண்டை வேண்டாம், உனக்குத் தனியே தருகிறோம் என்ற அந்தச் சமரசம்தான் தனிக் கிணறாகி, தனிக் குழாயாகி, தனிப் பானையாகப் பள்ளிக்குள் வந்து உட்கார்ந்தது.

சேலம், நாமக்கல் சமவெளி கிணற்றை நம்பிய பூமி. பாறையை உடைத்துக் கிணறு வெட்டக் காசு வேண்டும், பட்டா நிலம் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு அடுத்தவர் கிணற்றடியே கதி. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது இதே மாவட்டத்தில்தான். மாவட்டத்தில் அணை நின்றது; பள்ளிக்கூடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் குற்றமானது.

2010இல் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமை என்றது. 2022 நிலவரப்படி 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை என்கின்றன உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும். வீட்டிலேயே கிடைக்கிறதா, வேண்டும்போது கிடைக்கிறதா, மாசில்லாமல் கிடைக்கிறதா என்பவை அவர்களின் அளவுகோல்கள். நான்காவது ஒன்றை நாம் சேர்க்க வேண்டும்: எல்லோரும் ஒரே பானையில் மொண்டு குடிக்க முடிகிறதா?

உங்கள் ஊரின் தொட்டிகளை, குழாய்களை, பள்ளிப் பானைகளை எண்ணுங்கள். எத்தனை என்று மட்டுமல்ல, யாருக்கென்று எழுதி வையுங்கள். தனித்தனியே கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று சொல்ல இனி யாரையும் விடக் கூடாது.