பதுமைக்கு உயிர் தந்த பல்லியம்

1927-க்குப் பின் அமெரிக்காவில் பேசும் படங்கள் பெருகியபோது, திரையிசைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. பாத்திரங்கள் உரையாடுகையில் பின்னணியில் இசை ஒலித்தால், 'இவ்விசை எங்கிருந்து வருகிறது?' என்று பார்ப்போர் மயங்குவர் எனத் தயாரிப்பாளர் பலர் அஞ்சினர். அதனால், ஆடல்பாடல் இல்லாத படங்களில் இசை பெரிதும் ஒதுக்கப்பட்டது. அவ்வச்சத்தைப் போக்கிய படங்களுள் தலையாயது, 1933-இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட 'கிங் காங்' என்னும் கற்பனைப் படமாகும்.

அப்படத்தின் நாயகன் ஒரு மாபெருங் குரங்கு. திரையில் மலையெனத் தோன்றும் அது, பல காட்சிகளில் ஏறத்தாழ 18 அங்குல உயரமுள்ள பதுமையே. உலோக எலும்புக்கூட்டின்மேல் முயல்தோல் போர்த்திய அப்பதுமையை அணுவணுவாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடிக்கச் செய்தார் வில்லிஸ் ஓ'பிரையன். அசைவு கிட்டியது, ஆயின், உள்ளம் எங்ஙனம் கிட்டும்?

செலவு மிகுந்துவிட்டமையால், பழைய இசைப்பதிவுகளையே பொருத்துமாறு நிறுவனம் பணித்தது. இயக்குநர் இருவருள் ஒருவரான மெரியன் கூப்பர் அதற்கு உடன்படவில்லை. புதிய இசைக்காகும் செலவைத் தாமே ஏற்பதாக அவர் கூறினார் என, இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

1888-இல் வியன்னாவில் பிறந்த ஸ்டைனர், 46 கலைஞர் கொண்ட பல்லியத்தை இப்படத்திற்குப் பயன்படுத்தினார். வாக்னரின் இசைநாடகங்களிற் போல், முதன்மைப் பாத்திரங்களுக்குத் தனித்தனி இசைத்தொடர்களை வகுத்தார். காங்கிற்கு உரியவை கீழ்நோக்கி இறங்கும் மூன்றே சுரங்கள். நியூயார்க்கில் நிகழும் தொடக்கக் காட்சிகளில் பின்னணி இசை இல்லை. கப்பல் பனிமூட்டத்துட் புகுந்து தீவை நெருங்கும்போதே இசை எழுகிறது. மெய்யுலகம் மறைந்து கற்பனையுலகம் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்னே காது உணர்ந்துவிடுகிறது. தீவின் தலைவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இசை ஒத்து நடக்கிறது.

முதலில் பித்தளை ஊதுகருவிகளில் முழங்கி அச்சுறுத்திய அம்மூன்று சுரங்கள், காங் வானளாவிய கட்டடத்தின் உச்சியில் குண்டுபட்டுத் தளரும்போது துயரக் குரலாக மாறுகின்றன. அப்பெண்ணுக்குரிய இசைத்தொடரும் அவற்றோடு கலக்கிறது. அஞ்சிய நெஞ்சமே அவ்விலங்குக்காக இரங்குகிறது.

2001 முதல் 2003 வரை வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்றிற்கும் ஹோவர்ட் ஷோர் அமைத்த இசையிலும் இம்முறையின் வளர்ச்சியைக் காணலாம்.

கற்பனைப் படத்தில் இசை வெறும் அணிகலன் அன்று. பொய்யுருவுக்குள் மெய்யுணர்வைப் புகுத்துவது அதுவே. செலவுக் கணக்கில் வெட்டப்படவிருந்த ஒன்றே அப்பதுமைக்கு நெஞ்சத்தை அளித்தது என்பதை, கலையைப் பயில்வோரும் பயிற்றுவோரும் மறத்தலாகாது.