கிழட்டு வண்டியின் சரித்திரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் பிக்அப் வண்டிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளைச் சுமந்து முனகிக்கொண்டே இறங்கும். அரிசியோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். அவற்றுள் சிலவற்றுக்கு என்ன வயது என்று விசாரித்தால், "எதற்கு வயது கேட்கிறீர்கள்? சேஸிஸுக்கா, எஞ்சினுக்கா, கியர் பெட்டிக்கா?" என்றுதான் பதில் வரும்.

செத்த வண்டிக்கு உயிர் கொடுக்கும் இந்த வித்தை நம்மவர்களுக்குக் கை வந்ததே ஒரு தனிச் சரித்திரம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பஸ்ஸோடு ஒரு கரி உலையைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். புறப்படுமுன் உலையை மூட்ட வேண்டும். மேட்டைக் கண்டால் வண்டிக்கு மூச்சு வாங்கும். அந்தக் கரி பஸ்களோடு மல்லாடியவர்களையே நம் மெக்கானிக்குகளின் மூதாதையர் என்று நான் சொல்வேன்.

யுத்தம் ஓய்ந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் விலைக்கு வந்தன. வில்லிஸ், போர்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் 6 லட்சத்துக்கு மேல் செய்து குவித்த ஜீப் அது. 60 குதிரைத் திறன். நான்கு சக்கரமும் இழுக்கும். 1940களின் இறுதியில் பம்பாயில் மகீந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. இன்று மலையேறும் பிக்அப்புகள் பலவற்றுக்குக் குலமூலம் அந்த ஜீப்தான்.

லாரிகளின் கதை வேறு. செவர்லே லாரிகளைப் பம்பாயில் 1928 முதல் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1954இல் கடையைக் கட்டியது. இந்நாட்டிலேயே உற்பத்தி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. போர்டும் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் அநாதைகளாயின. உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்தச் சமயத்தில் சென்னை சிம்ப்ஸன் கம்பெனி தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் கை கொடுத்தன. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். ஓர் எஞ்சினுக்கு இன்னொரு வண்டியின் கியர் பெட்டி எளிதில் பொருந்துமா? இடையில் வைக்க இரும்புத் தட்டைக் கடைந்து கொடுத்தது லேத்துப் பட்டறை. அந்த மனிதர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

கல்வராயன் மலைக்கு மோட்டார் யுகம் தாமதமாகவே வந்தது. 1976 வரை அது ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. ஏறுவதில் எஞ்சின் தேய்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து இறங்குவதில்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்து, லைனிங் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். கரடுமுரடான பாதையில் ஸ்பிரிங் பட்டை ஒடியும். ஒடிந்ததை மட்டும் கழற்றிப் புதுப் பட்டை வைத்து, தளர்ந்த மற்றவற்றைத் தட்டி வளைவு ஏற்றிப் பூட்டுவார்கள். ஓடையில் இறங்கி ஏறிய வண்டியின் பின் ஆக்ஸிலில் தண்ணீர் புகுந்தால் ஆயில் பால் போல வெளுக்கும். அன்றே மாற்றாவிட்டால் பற்சக்கரங்கள் போயின.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். நியாயமான சட்டந்தான். ஆனால் பஸ் எட்டிப் பார்க்காத ஊரில் பிரசவ வலி கண்டவளை எதில் ஏற்றுவது? 2024இல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மலை மக்களின் நிலையை விசாரித்தபோது, சாலையும் முக்கியக் கேள்வியாயிற்று.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். எஃப்.சி. என்றால் முதலில் புது வர்ணம் பூசுவதுதான் நம்மவர் வழக்கம். அந்தக் காசில் பின் சக்கர லைனிங்கை மாற்றலாம். மேலே மூட்டைகளின்மீது ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.