கோலியாத் நிற்கும் இடம்

இரண்டு தாவீதுகள். ஒன்று, மைக்கலேஞ்சலோ 1501-க்கும் 1504-க்கும் இடையில் ஃப்ளாரன்ஸில் செதுக்கியது; ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். மற்றது, 1623-24-ல் ரோமில் கார்டினல் ஸ்கிபியோனே போர்கேஸேக்காக பெர்னினி செய்தது. ஏறக்குறைய ஆள் உயரம். மறுமலர்ச்சிக் கலையையும் பரோக் கலையையும் ஒப்பிடும் புத்தகங்களில் இவ்விரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகியிருக்கும். ஒன்றில் நிதானம், மற்றதில் வேகம். பார்த்ததும் தெரிகிற வித்தியாசம்தான். அது தெரிந்ததோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு. கோலியாத் எங்கே?

மைக்கலேஞ்சலோவுக்கு முன் டோனட்டெல்லோவும் வெரோக்கியோவும் செய்த வெண்கலத் தாவீதுகளின் காலடியில் கோலியாத்தின் வெட்டுண்ட தலை கிடக்கிறது. மைக்கலேஞ்சலோ அதை நீக்கிவிட்டார். எதிரி இப்போது தாவீதின் சுருங்கிய புருவத்தில் மட்டும் இருக்கிறான். பார்க்கிறவன் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சிற்பத்துக்கு எதுவும் குறைவதில்லை. பெர்னினியின் தாவீதோ உடம்பை முறுக்கி, உதட்டைக் கடித்து, கவணை இழுத்து நிற்கிறான். அடுத்த கணம் கல் பறக்க வேண்டும். அது போய் விழ ஓர் இடம் வேண்டுமே. அந்த இடம் பளிங்குக்கு வெளியே, நாம் நிற்கும் தரையில் இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைச் சேர்த்தால்தான் சிற்பம் முழுமையாகிறது.

ஹைன்ரிஹ் வோல்ஃப்லின் 1915-ல் இந்த இரு கலைகளின் வேறுபாட்டை ஐந்து ஜோடிகளாக வகுத்தார்: கோடும் வண்ணத்திரளும், தளமும் ஆழமும், மூடிய உருவமும் திறந்த உருவமும், பலவற்றின் இசைவும் பிரிக்க முடியாத ஒருமையும், முழுத் தெளிவும் பகுதித் தெளிவும். பரோக் என்பது கெட்டுப்போன மறுமலர்ச்சி என்று 18-ம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவந்த வசை ஓய்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்த ஜோடிகள் பெரும்பாலும் படைப்பின் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது அவற்றுக்குப் பிரதான விஷயம் இல்லை.

லியனார்டோவின் 'கடைசி விருந்து' (சுமார் 1495-98) மிலானில் துறவிகளின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. கூரை, சுவர் எல்லாவற்றின் கோடுகளும் ஏசுவின் தலையருகே போய்க் கூடுகின்றன. ஆனால் அந்த மையம் தரையில் நிற்பவனின் கண்மட்டத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அங்கே உணவருந்திய துறவி எவனும் ஓவியத்தின் 'சரியான' இடத்திலிருந்து அதைப் பார்த்திருக்க முடியாது. அதன் ஒழுங்கு மனதுக்கானது. நூறாண்டு கழித்து, 1599-1600-ல், காரவாஜ்ஜோ ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தின் பக்கச் சிற்றாலயத்துக்கு 'மத்தேயுவின் அழைப்பை' வரைந்தார். ஓவியத்தில் வலப்புறமிருந்து ஒளி விழுகிறது. அந்தச் சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான். உள்ளே வந்து நிற்கிறவன் மீது விழும் வெளிச்சமே காசு எண்ணுகிறவர்கள் மீதும் விழுவதுபோல் இருக்கிறது.

இதை ஆண்டுக்கணக்கில் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. மாண்டுவாவில் 1474-ல் மாண்டேன்யா முடித்த அறையின் கூரையில், வானத்துக்குத் திறந்த வட்டத்தைச் சுற்றி ஆட்கள் குனிந்து நம்மைப் பார்க்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 17-ம் நூற்றாண்டில் விதிவிலக்கே வழக்கமாகிவிடுகிறது.

ஏன்? வழக்கமான பதில் கத்தோலிக்கச் சபை. லூதர் 1517-ல் தொடங்கிய உடைப்புக்குப் பின், டிரெண்ட் பேரவை 1563-ல் உருவங்களின் பயனை மீண்டும் வலியுறுத்தியது. மக்களை மீட்க உணர்ச்சியைத் தாக்கும் கலை தேவைப்பட்டது என்பார்கள். ரோமுக்கு இது பொருந்தும். ஹாலந்துக்கு? அங்கே சீர்திருத்தத் தேவாலயங்களில் படங்களே இல்லை. ஆனாலும் ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' (1642) படத்தில் படைத்தலைவனின் கை சட்டத்தை மீறி நம் பக்கம் நீள்கிறது. அதன் நிழல் பக்கத்தில் வருகிறவனின் உடுப்பில் விழுகிறது. இன்னொரு பதில் வானவியல். கெப்ளர் 1609-ல் கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்றார். பொரோமினியின் சான் கார்லோ தேவாலயக் கூரையும் நீள்வட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது வந்ததற்கு ஆதாரம் கிடையாது.

என் ஊகம் எளியது. பார்க்கிறவன் நம்மோடுதான் இருக்கிறான் என்ற நிச்சயம் போய்விட்டது. ரோமில் அவன் விசுவாசத்தை மீட்க வேண்டியிருந்தது. ஹாலந்தில் ஓவியன் பெரும்பாலும் முகம் தெரியாத வாங்குபவனுக்காகச் சந்தையில் படம் விற்றான். காரணம் வேறு வேறு. இரண்டு இடத்திலும் எதிரில் நிற்பவனை வெல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றுதான்.

நான் இவற்றில் எதையும் நேரில் பார்த்தவனில்லை. இதைப் படிக்கிற பலரும் என்னைப்போலவே அச்சுப் படங்களை நம்பியிருப்பவர்கள்தான். இங்கே பரோக்குக்கு ஓர் அநீதி நடக்கிறது. லியனார்டோவின் ஓவியம் அச்சில் அளவை இழக்கிறது, அமைப்பை இழப்பதில்லை. பெர்னினியின் 'புனித தெரேசாவின் பரவசம்' (1647-52) படத்தில் நமக்குக் கிடைப்பது சம்மனசும் தெரேசாவும் மட்டும். மறைவான ஜன்னலிலிருந்து பொன்கதிர்கள் மேல் இறங்கும் நிஜ வெளிச்சம் இல்லை. பக்கச் சுவர்களில் நாடகக் கொட்டகை மாடத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கொர்னாரோ குடும்பத்தாரின் பளிங்கு உருவங்களும் இல்லை. வெட்டியெடுத்த துண்டைப் பார்த்துவிட்டு 'மிகை நாடகம்' என்று தீர்ப்புச் சொல்கிறோம். இருபது வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன், மிகுந்த தைரியத்தோடு.

இப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. தனக்குள் இழுத்துக்கொள்ளும் கலையின் முன் விலகி நின்று யோசிக்கப் பார்வையாளனுக்கு இடம் உண்டா? சபையும் அரசர்களும் இந்தக் கலையை விரும்பியதற்கு அவன் யோசிக்க மாட்டான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மறுமலர்ச்சியின் தாவீது நம்மைப் பொருட்படுத்தாமல் நிற்பதில் நமக்கு ஒரு சுதந்திரம் இருந்தது.

ஆனால் வெலாஸ்க்கெஸ் இருக்கிறார். 1656-ல் மாட்ரிட் அரண்மனையில் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில், முதுகைக் காட்டி நிற்கும் பெரிய துணிக்குப் பின்னாலிருந்து ஓவியர் வெளியே நோக்குகிறார், இளவரசியும் நோக்குகிறாள். பின்சுவர்க் கண்ணாடியில் அரசனும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். அப்படியானால் அவர்கள் நிற்க வேண்டிய இடம் நாம் நிற்கும் இடம். பெர்னினி செய்த அதே காரியம்தான். ஆனால் இங்கே யாரும் நம்மீது கல் எறியவில்லை. உள்ளே இழுக்கப்பட்டவன் நின்று, யார் இடத்தில் நிற்கிறோம், இவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்கத் தேவையான நேரத்தை அந்த அறையின் அமைதி தருகிறது. பரோக்கை நிராகரிப்பவர்கள் முதலில் இந்த ஓவியத்துக்குப் பதில் சொல்லட்டும்.