ரெக்ஸினுக்கு அடியில் ஒரு பிரம்பு நாற்காலி

நம் குடியிருப்பில் பழைய தேக்கு நாற்காலிகளைக் குப்பைக்குப் போடுவது கூடிவிட்டது. போடுமுன் கவிழ்த்துப் பாருங்கள். கிழிந்த ரெக்ஸினுக்கு அடியில், சட்டத்தின் நான்கு பக்கமும் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால், அது பிரம்பு நாற்காலி. மெத்தை பிற்பாடு யாரோ ஒட்டவைத்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பிரம்பு வளராது; அது மழைக்காட்டுக் கொடி. இந்த வறண்ட பூமிக்கு உரியது பனை. மட்டை நாரை ஊறவைத்துக் கட்டில் பின்னுவதே இங்குள்ள வழக்கம். பிரம்பு நாற்காலி வந்தது அரசாங்கத்தோடு. திருச்சுழி சிற்றூர்தான் என்றாலும் அங்கே கோர்ட் இருந்தது. 1879-இல் அவ்வூரில் பிறந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் அங்கே வழக்காடியவர். கோர்ட், கச்சேரி, ரயிலடி என்று மேசை போட்ட இடத்துக்கெல்லாம் பிரம்பு நாற்காலியும் போய்ச் சேர்ந்தது.

ஐரோப்பியர்களே இதை ஆசியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோனவர்கள்தான். 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இது நாகரிகமாகிவிட்டது. அங்கே குதிரைமயிர் திணித்த மெத்தை நாற்காலிகளும் உண்டு. நம் வெயிலுக்கு அவை ஆகாது. வேர்வை தங்கும், பூச்சி குடியேறும். பிரம்பில் காற்று ஓடும்.

பின்னலில் ஆறு வரிசை. ஊறிய பிரம்புப் பட்டையை, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி, முதலில் முன்பின்னாக இழுப்பார்கள். அதன்மேல் குறுக்காக, மறுபடி முன்பின்னாக. நான்காவது வரிசைதான் மேலும் கீழுமாகப் புகுந்து வரும். பாவும் ஊடையும்போல என்றால் அருப்புக்கோட்டைக்காரர்களுக்குப் போதும், தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். ஐந்தும் ஆறும் மூலைவாட்டில் எதிரெதிராகப் போகும். அப்போதுதான் எட்டு மூலைக் கண்கள் தெரியும். காயும்போது பிரம்பு சுருங்கித் தானே விறைத்துக்கொள்ளும்.

இதில் கண்ணைவிட விரலுக்குத்தான் வேலை. அதனால் இந்தியாவெங்கும் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னல் ஒரு தொழிலாகக் கற்றுத்தரப்பட்டது. அரசு அலுவலகங்களில் அதற்கென வேலையும் இருந்தது. நம் தெற்கே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இலேயே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். ஒயர் பின்னலும், பிறகு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்து அந்தப் பிழைப்பைச் சுருக்கிவிட்டன. அழகு போனதைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

பிரம்பு அறுந்ததும் பிளைவுட் வைத்து ஆணி அடிப்பது சுலபம். ஆனால் துளைகளை ஒட்டி அடிக்கும் ஆணி சட்டத்தையே பிளந்துவிடும். ஆணிகளை மெல்லப் பிடுங்கி, துளைக்குள் மக்கிக் கிடக்கும் பழைய பிரம்பைத் தட்டி எடுத்தால், அதே துளைகளில் மறுபடி பின்னலாம்.