காபூல் நீரூற்றுத் தொட்டியில் பிறந்த பள்ளிக்கூடம்

காபூல் நகரின் மக்ரோயான் பகுதியில், சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, தண்ணீர் வற்றிப்போன கான்கிரீட் நீரூற்றுத் தொட்டி ஒன்று இருந்தது. ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் 2007இல் மூன்று ஸ்கேட்போர்டுகளோடு அந்த நகரத்துக்கு வந்தபோது, பிள்ளைகள் பலகையில் ஏறி நிற்கக் கற்றுக்கொண்ட முதல் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த முயற்சி ‘ஸ்கேடிஸ்தான்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. 2009 அக்டோபரில், ஆப்கன் ஒலிம்பிக் குழு கொடுத்த நிலத்தில் உள்ளரங்கம் ஒன்றும் எழும்பியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கற்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பெண்பிள்ளைகள். சைக்கிள் ஓட்டினாலே பெண்ணை ஏச்சுக்கு ஆளாக்கிய நகரத்தில் இது எப்படி நடந்தது? ஸ்கேட்போர்டை அங்கே யாரும் பார்த்ததில்லை, ஆகவே அது ஆண்களுக்குரியது என்று சொல்லவும் யாரும் இல்லை என்பதுதான் பெர்கோவிச் உட்படப் பலரும் தந்த விளக்கம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். புதுமை கதவைத் திறந்துவிடலாம். உள்ளே வந்தவர்களை ஒரு சமூகமாக்கியது, யாருக்கு யார் எந்த நேரத்தில் கற்றுக்கொடுப்பது என்ற ஏற்பாடு. விளையாட்டை மட்டும் கொண்டாடும் எழுத்துகள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதே இல்லை.

புதுமை மட்டும் போதாது என்பதற்கு நல்ல சான்று இந்த விளையாட்டின் தாயகமான கலிஃபோர்னியாவே. 1950களில் கடலலை அடங்கிய நாள்களில் தெருவில் சறுக்கத் தொடங்கிய அலைச்சறுக்கு இளைஞர்களிடமிருந்து பரவிய பழக்கம் இது. அங்கேயும் ஒரு காலத்தில் இது புத்தம் புதியதுதான். பேட்டி மெக்கீ என்ற பெண் 1964இல் தேசிய சாம்பியனானார். மறு ஆண்டு ‘லைஃப்’ இதழின் அட்டையிலும் இடம்பெற்றார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் பலகை தரையைப் பிடித்து ஓடியது. 1976-77 வறட்சியில் வீடுகளின் நீச்சல்குளங்கள் காலியாகக் கிடந்தபோது, சான்டா மோனிகா, வெனிஸ் பகுதிப் பையன்கள் வேலி தாண்டிக் குதித்து அந்தக் குளங்களில் புதுப்புது வித்தைகளைக் கண்டுபிடித்தார்கள். புகழ்பெற்ற ஸெஃபிர் அணி அந்தப் பகுதியில் உருவானதுதான். அதில் இருந்த ஒரே பெண் பெக்கி ஓக்கி. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கும் அந்த முறை பெரும் திறமைசாலிகளை உருவாக்கியது, மறுக்க முடியாது. ஆனால் துணிச்சலும் உடல்பலமும் உள்ளவனுக்கே இடம் கிடைத்தது. ஓரமாக நின்றவளைக் கைபிடித்து ஏற்றிவிட எந்த ஏற்பாடும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் அது ஆண்களின் விளையாட்டாக இறுகிப்போனது.

காபூலில் நடந்தது வேறு. பெண்பிள்ளைகளுக்குத் தனி நாள்கள், பெண் பயிற்றுநர்கள், வீட்டிலிருந்து அழைத்துவர வண்டி, சறுக்கும் நேரத்தோடு கூடவே வகுப்பறை நேரம் எல்லாம் இருந்தன. தெருவில் பொருள் விற்றுப் பிழைத்த பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேரத் தயார்ப்படுத்தும் பாடத்திட்டமும் இருந்தது. கற்றவர்களில் சிலர் வளர்ந்து பயிற்றுநர்களானார்கள். தகப்பன்மார் சம்மதித்தது பலகையைப் பார்த்தல்ல, இந்த ஏற்பாட்டைப் பார்த்து. அந்தப் பிள்ளைகள் எத்தகைய ஆபத்துக்கு நடுவே வாழ்ந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 8 அன்று காபூலில் இருந்த நேட்டோ படைத் தலைமையகம் அருகே நடந்த தற்கொலைத் தாக்குதலில் இறந்தவர்களில் இந்தப் பள்ளியின் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் ஒருத்தி, இளையவர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்துவந்த 14 வயதுச் சிறுமி. அத்தனை துயரத்துக்குப் பிறகும் பள்ளி தொடர்ந்தது. மறு ஆண்டே மஸார்-இ-ஷரீஃபிலும் ஒரு பள்ளி திறந்தது.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள ஜன்வார் கிராமத்தில் இதே கருத்துக்கு இன்னும் தெளிவான சான்று கிடைக்கிறது. யாதவர்களும் கோண்டு ஆதிவாசிகளும் தனித்தனியாக வாழ்ந்துவந்த ஊர் அது. ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக்கே ரைன்ஹார்ட்டின் முயற்சியில் 2015இல் அங்கே கான்கிரீட் ஸ்கேட் பூங்கா ஒன்று கட்டப்பட்டது. வைத்த விதிகள் இரண்டு: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை; பெண்பிள்ளை கேட்டால் பையன் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். பலகைகள் பொதுச்சொத்து. ஆகவே யாதவ வீட்டுப் பையனும் ஆதிவாசிச் சிறுமியும் ஒரே பலகைக்குக் காத்திருந்தார்கள், ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கிவிட்டார்கள். அப்படிக் கற்ற ஆஷா கோண்டு 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டார். பதக்கம் வரவில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பி, அங்குள்ள பிள்ளைகளுக்காகவே உழைக்கத் தொடங்கினார். எனக்கு இதுவே பெரிய செய்தியாகப் படுகிறது.

ஏழை ஊரில் கான்கிரீட்டுக்குப் பணம் போடுவதற்குப் பதில் பள்ளிக்கூடத்துக்குப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் பள்ளிக்கு மாற்றாகப் பலகை வரவில்லை. பள்ளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியாகவே வந்தது. வெளிநாட்டவர் வந்து நடத்தும் தர்மகாரியம் இது என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. இரண்டையும் தொடங்கியவர்கள் வெளியாள்கள்தாம். அவர்கள் விலகிய பிறகு கற்பிப்பது யார் என்பதுதான் அதற்கான உரைகல். ஜன்வாரில் அது உள்ளூர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. காபூலில் அப்படி நிலைக்க விடவில்லை: 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சியைப் பிடித்ததும் ஸ்கேடிஸ்தான் பள்ளிகள் மூடப்பட்டன, பெண்களின் உயர்நிலைக் கல்வியே தடுக்கப்பட்டது. அங்கே படித்த சிறுமிகளைப் பற்றிய ஆவணப்படம் 2020இல்தான் ஆஸ்கர் வாங்கியிருந்தது. ஒரு விளையாட்டால் ஒரு ஆட்சியை எதிர்த்து நிற்க முடியாது. அதை வைத்து முயற்சியே வீண் என்று சொன்னால், அதே தடைக்கு உள்ளான பள்ளிக்கூடங்களையும் வீண் என்று சொல்ல வேண்டிவரும்.

மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் சறுக்கலைக் காட்டிய ‘கமலி’ குறும்படம் பாஃப்டா பரிந்துரை வரை போனதைத் தமிழ்நாடு பெருமையாகப் பார்த்தது. பெருமை போதாது. விளையாட்டுத் திடலுக்கு நிதி ஒதுக்கும் நம் உள்ளாட்சிகள், சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கணக்கு எழுதும் அதே தாளில், உள்ளூர்ப் பெண் பயிற்றுநர் ஒருவரின் மாதச் சம்பளத்தையும் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கிய நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். உங்கள் ஊரில் அடுத்த திடல் திறக்கும்போது இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.